சீல் நம்பரைக் கடைசியிலிருந்து வாசிப்பவர்கள்

ஊத்துக்குளி நெய்க்கு ஐரோப்பாவில் அனுமதி இல்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம். போர்த்தோ விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து, இரண்டு ஸ்வெட்டர்களுக்கு நடுவே குழந்தை மாதிரி படுத்துக்கிடந்த நெய்ப் பாட்டிலை வெளியே எடுத்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார். ஒரு நொடி அவர் கண்ணில் ஆசை வந்து போனதை நான் பார்த்தேன். ஆனாலும் மூடிவிட்டார். பால் பொருள் எதுவும் வெளியிலிருந்து உள்ளே வரக் கூடாதாம்.

"நாலு நாளில் திரும்பிப் போகிறீர்கள். போகும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வராவிட்டால் அழித்துவிடுவோம்" என்றார். பாட்டிலை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, எண் அச்சடித்த சீலை இழுத்து ஒட்டினார். படிவத்தில் அந்த எண்ணை எழுதி, கையெழுத்துக் கேட்டார்.

நான் பேனாவை வாங்கவில்லை. பையிலிருந்த எண்ணின் கடைசி இலக்கத்தில் விரலை வைத்து, வலமிருந்து இடமாக ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தேன். படிவத்தோடு சரியாக இருந்தது. பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

"ஏன் பின்னாலிருந்து வாசிக்கிறீர்கள்?"

"எங்கள் ஊர் வழக்கம்."

"எந்த நாடு?"

"திருப்பூர்" என்றேன். அவர் கேட்டது நாட்டை, நான் சொன்னது ஊரை. எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்ததால் மனுஷர் மேற்கொண்டு கேட்கவில்லை.

நான் போனது நெய் விற்க இல்லை. துணித் தொழில் செய்கிறவர்களுக்கென்றே இணையத்தில் தனியாக ஒரு முடிவுப்பெயர் இருக்கிறது. இணைய முகவரியின் கடைசியில், புள்ளிக்குப் பின்னால் வரும் சொல்லைத்தான் சொல்கிறேன். அந்தச் சொல்லின் கீழ் எங்கள் ஊர்ப் பனியன் கம்பெனிக்காரர்கள் நிறையப் பேர் பெயர் பதிந்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களையெல்லாம் வைத்துக் காப்பாற்றும் பதிவகம் போர்த்துகலில் இருக்கிறது. சிறிய பதிவகம்தான். ஒருவர் கம்பெனியின் பெயரைத் தட்டினால் அந்தக் கம்பெனிக்கே போய்ச் சேர வேண்டும், நடுவில் எவனும் வேஷம் போட்டு நிற்கக் கூடாது என்பதற்காகப் பெயர்ப் பட்டியலுக்கு ஒரு கையொப்பம் வைக்கிறார்கள். கையொப்பத்துக்குக் கெடு உண்டு. கெடு முடிவதற்குள் அடுத்ததைப் போட வேண்டும். போடாவிட்டால் அத்தனை பெயர்களும் ஒரே நேரத்தில் செத்துப்போகும். இணையதளம் திறக்காது, மெயில் வராது.

கையொப்பம் போடும் சாவி ஒரு சிறிய இயந்திரப் பெட்டிக்குள் இருக்கிறது. அதை ஒருவரே திறந்துவிட முடியாதபடி ஐந்து பேரிடம் ஆளுக்கொரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். மூன்று பேராவது நேரில் வந்து அட்டையைச் செருக வேண்டும். அந்த ஐந்தில் ஓர் அட்டை இப்போது என்னிடம். அவிநாசி ரோட்டில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து கம்பெனிகளுக்கு டொமைன் பெயர் பதிந்து பராமரிப்பது என் பிழைப்பு. அதற்கு முன் பதினோரு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன். அட்டைக்கு என் பெயர் போனபோது, "உள்ளாடை சரிபார்த்தவருக்கு இதில் என்ன அனுபவம்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டாராம். இந்தச் செய்தி என் காதுக்கு வந்த நாளிலிருந்து கேட்டவரைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்குள் எரிந்துகொண்டிருந்தது.

இரண்டாம் நாள் ரயில். கையொப்பம் போடும் அறை போர்த்தோவிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், ஒரு மில் ஊரில் இருக்கிறது. ஊர்ப் பெயரை எழுதுவது எங்கள் தொழிலில் நாகரிகம் இல்லை என்பதால் விட்டுவிடுகிறேன். ஒரே நடைமேடையிலிருந்து இரண்டு ஊருக்கு ரயில் போகிறது, பாதி வழியில் பாதை பிரிகிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் சன்னல் சீட்டு கிடைத்த பெருமையில் உட்கார்ந்துவிட்டேன்.

வெளிநாட்டு ரயிலில் ஏறும் திருப்பூர்க்காரர்கள் இயற்கைக் காட்சி பார்ப்பதில்லை. எதிரில் இருப்பவரின் காலரைப் பார்ப்பார்கள். எனக்கு எதிரே ஒரு பெண்மணி, முட்டைக்கோஸ் நிறத்தில் டீ சர்ட், கழுத்தில் இழுத்தால் நீளும் ரிப் பட்டி. தையல் நம்ம ஊர்த் தையல் மாதிரியே இருந்தது. நான் முறைத்துப் பார்ப்பதை உணர்ந்து அவர் சிரித்தார். கையிலிருந்த காகிதத்தில் நான் போக வேண்டிய ஊரைக் காட்டினேன். சிரிப்பு நின்றது. ஏதோ சொல்லி, என் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு அடுத்த ஸ்டேஷனில் என்னோடு இறங்கினார்.

அவர் இறங்க வேண்டிய இடம் அதுவல்ல. எதிர்த் திசையில் ரயில் வர அரை மணிக்கு மேல் ஆனது. அதுவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எனக்குப் போர்த்துகீசியம் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் முறுக்கு கொடுத்தேன், முறுக்குக்குச் சுங்கத்தில் தடை இல்லை. ரயில் வந்ததும் என்னை ஏற்றிவிட்டு, நான் எங்கே மாற வேண்டும் என்பதைக் கண்டக்டரிடம் சத்தமாகச் சொன்னார். காலருக்குள் இருந்த லேபிளைக் கடைசி வரை பார்க்க முடியவில்லை என்ற குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

மில் ஊரில் இறங்கியபோது பசி கண்ணைக் கட்டியது. ஸ்டேஷனுக்கு எதிரே ஓர் இந்தியச் சாப்பாட்டுக் கடை. கல்லாவுக்குப் பின்னால் முப்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர், வடக்கத்தி முகம். சாப்பிட என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் என் பெட்டியில் தொங்கிய ஊர் அட்டையைக் குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க அக்கா, திருப்பூருங்களா?"

போர்த்துகலின் ஒரு மூலையில் அந்த "ஏனுங்க" காதில் விழுந்ததும் நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஆமாங்க என்றேன். அவர் பெயர் மனோஜ். பீகார்க்காரர். எங்கள் ஊரில் பவர்டேபிள் என்கிற கூலித் தையல் கூடம் ஒன்றில் ஒன்பது வருடம் தைத்தவர். தமிழை அங்கேதான் கற்றிருக்கிறார், எனவே மரியாதையும் சேர்ந்தே ஒட்டியிருக்கிறது. உட்கார வைத்து, கேட்காமலே ரசம் ஊற்றினார். தக்காளி கொஞ்சம் தூக்கல், ஆனாலும் ரசம்தான்.

"இங்க என்ன வேலையா வந்தீங்கக்கா?"

நான் பெயர், சாவி, கையொப்பம் என்று நீட்டி முழக்கி விளக்கினேன். அவர் தட்டைத் துடைத்தபடியே கேட்டுவிட்டு, "அப்ப லேபிள் செக்கிங்குங்க. சரியான துணியில சரியான கம்பெனி லேபிள் இருக்குதான்னு பாக்குற வேலை. அதானுங்களே?" என்றார்.

எத்தனையோ கூட்டங்களில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக நான் ஒருநாளும் சொன்னதில்லை.

மாலையில் பதிவகத்தார் கொடுத்த விருந்தில் இந்தத் தடவை வந்திருந்த மற்ற இரண்டு அட்டைக்காரர்களைச் சந்தித்தேன். ஒருவர் இத்தாலியப் பெண்மணி, அதிகம் பேசாதவர். இன்னொருவர் துருக்கிக்காரர், எம்ரே. துண்டு நெய்யும் ஊரிலிருந்து வந்தவர், பெரிய கணினி நிபுணர். முட்டைக்கோஸ் சூப் வந்தது, அதில் ஒரு துண்டு மீன் மிதக்குமோ என்று பயந்தேன், இல்லை. சூப்பு நன்றாகவே இருந்தது. "இதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று எம்ரே கேட்டார். செக்கிங் மேசையில் ஜட்டியும் பனியனும் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். எம்ரே தண்ணீர் குடித்தார். நான் இன்னொரு கிண்ணம் சூப்பு கேட்டு வாங்கினேன்.

மூன்றாம் நாளைச் சொல்வதற்கு முன் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். இறக்குமதி செய்கிறவர் ஒப்புக்கொண்ட சாம்பிளை நாங்கள் பாலித்தீன் பையில் போட்டு, எண்ணுள்ள சீல் குத்தி, பீரோவில் பூட்டி வைப்போம். லாட் முழுவதும், அதாவது அந்த ஆர்டரின் துணி மொத்தமும், அதைப் பார்த்துத்தான் தயாராக வேண்டும். ஒருநாள் அவசரத்தில் நான் பக்கத்துப் பையை எடுத்து வெட்டிவிட்டேன். இரண்டு சீலும் ஒரே கட்டிலிருந்து வந்தவை, கடைசி இலக்கம் மட்டும் வேறு. நான் வெட்டியது கழித்துப்போட்ட பழைய சாம்பிள், கழுத்துப் பட்டி சற்றுக் குறுகல். அதை வைத்து லாட் முழுவதையும் பாஸ் செய்து அனுப்பினேன். பெட்டிகள் கடல் தாண்டிப் போய், அப்படியே திரும்பி வந்தன.

முதலாளி திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். திட்டவில்லை. மேசைக்கு அடியில் உட்கார்ந்து அழுதேன். என்னோடு அதே மேசையில் வேலை பார்த்த ராணி, என் வயதுக்காரி, தானும் அடியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து கண்டுபிடித்ததுதான் பின்னாலிருந்து வாசிப்பது. முன்னாலிருந்து வாசித்தால் கண் நாலு இலக்கத்தோடு களைத்துப்போகும், மீதியை மனசு தானாகப் போட்டுக்கொள்ளும். பையைப் பிடிப்பவர் கடைசியிலிருந்து வாசிக்க வேண்டும். இன்னொருவர் பையைப் பார்க்காமல் ஃபைலில் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். பிறகு எங்கள் செக்‌ஷன் முழுக்க அதுவே வழக்கமாகிவிட்டது.

மூன்றாம் நாள் காலை. செல்போன், கடிகாரம் எல்லாம் வெளியே வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே சின்ன அறை, நாலு மூலையிலும் கேமரா. அறையை நடத்துபவர் தெரசா, ஐம்பது வயது, கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார், எத்தனையோ தடவை இதைச் செய்தவர். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ள ரூயி என்ற தணிக்கையாளர். எல்லோர் கையிலும் செய்முறைத் தாள். இன்னதற்குப் பின் இன்னது என்று ஒவ்வொரு படியாக எழுதியிருக்கும். ஒரு படியை முடித்து நேரம் குறிக்காமல் அடுத்ததற்குப் போக முடியாது. எங்கள் ஊரில் கல்யாண முகூர்த்தத்தில்கூட இவ்வளவு கறார் கிடையாது.

முக்கியமான விதி ஒன்று. திட்டத்தில் இல்லாத சீல் எதையாவது வெட்டிவிட்டால் அன்றைய வேலை அதோடு ரத்து. விசாரணை நடத்தி, அறிவிப்புக் கொடுத்து, எல்லோரையும் மறுபடி கூட்ட வேண்டும். அதற்கு வாரக்கணக்காகும். இருக்கிற கையொப்பத்தின் கெடுவோ வருகிற ஞாயிற்றுக்கிழமை.

இரும்புப் பெட்டகத்தில் இரண்டு தட்டு. மேல் தட்டில் இப்போது பயன்படுத்தும் சாவிப்பெட்டி. கீழ்த் தட்டில் ஓய்வு கொடுத்துவிட்ட பழைய பெட்டி, உடைத்துப் போடுவதற்காகக் காத்திருப்பது. இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். இரண்டும் சீல் போட்ட பிளாஸ்டிக் பைக்குள். தெரசா மேல் தட்டிலிருந்து பையை எடுத்து வந்து மேசையில் வைத்தார். சுவரில் இருந்த பெரிய திரையில், போன தடவை பதிவான சீல் எண் தெரிந்தது. தெரசா எண்ணைக் கணீரென்று வாசித்தார். எல்லோரும் கையிலிருந்த தாளைப் பார்த்துத் தலையாட்டினார்கள். கத்தரிக்கோலை எடுத்தார்.

நான் தாளைப் பார்க்கவில்லை. என் விரல் மடியில் தானாகவே நகர்ந்துகொண்டிருந்தது. பையின் கடைசி இலக்கம் எட்டு. திரையின் கடைசி இலக்கம் ஏழு.

ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் என்னவெல்லாம் நினைத்தேன் என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது. பையின் பளபளப்பில் எனக்குத் தப்பாகத் தெரிந்திருந்தால்? உள்ளாடைக்காரி வந்த முதல் நாளே வேலையை நிறுத்தி மானத்தை வாங்கிவிட்டாள் என்று ஆகிவிடுமே. கத்தரி பையைத் தொட்டது. கழுத்துப் பட்டி குறுகிப்போன பனியன் கண் முன்னால் வந்தது.

"வெட்டாதீங்க!"

கத்திவிட்டேன். கட்டிங் செக்‌ஷனில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கத்துகிற சத்தம். தமிழில். அறையில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது, ஆனால் கத்தரி நின்றது.

பிறகு ஆங்கிலத்தில், எண் வேறாக இருக்கிறது என்றேன். "நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து சரியாகத் தெரிய வாய்ப்பில்லை" என்றார் எம்ரே. தெரசா திரையைப் பார்த்தார், "வாசித்தேனே" என்றார்.

"திரையைப் பார்த்து வாசித்தீர்கள்" என்றேன். "பையைப் பார்த்து வாசியுங்கள். கடைசியிலிருந்து. ரூயி பையைப் பார்க்காமல் தாளைப் பார்க்கட்டும்."

தெரசா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பையின் வலது ஓரத்தில் விரல் வைத்தார்.

"எட்டு" என்றார்.

ரூயி தாளிலிருந்து தலையைத் தூக்கினார். "ஏழு" என்றார்.

தெரசா கத்தரிக்கோலை மேசையில் வைத்தார், சத்தமே வராமல். பை வெட்டுப்படவில்லை என்று நாங்கள் எல்லோரும் ஒவ்வொருவராக வந்து பார்த்து உறுதி சொன்னோம். கீழ்த் தட்டிலிருந்த பையை எடுத்து வந்தார்கள். ஏழில் முடிந்தது அதுதான். போன தடவை உள்ளே வைத்தபோது இரண்டு பெட்டியும் தட்டு மாறிப் போயிருக்கிறது. தெரசா எடுத்து வந்தது பழைய பெட்டி. வெட்டியிருந்தால் அன்றோடு வேலை ரத்து, ஞாயிற்றுக்கிழமையோடு எங்கள் ஊர்ப் பெயர்கள் அத்தனையும் போயிருக்கும்.

அதற்குப் பின் எல்லாம் அமைதியாக நடந்தது. என் முறை வந்தபோது அட்டையைச் செருகி ரகசிய எண்ணைத் தட்டினேன். கையொப்பம் விழுந்தது. ரூயி நேரம் குறித்தார்.

பிறகு அவர் தன் பதிவேட்டோடு என்னிடம் வந்தார். வேலை நிறுத்தப்பட்ட காரணத்தையும், நிறுத்தச் சொன்னவர் பயன்படுத்திய சொல்லையும் அப்படியே எழுதியாக வேண்டுமாம். "அந்தச் சொல்லை எப்படி எழுதுவது?" என்றார். பேனாவை வாங்கி நானே எழுதினேன், தமிழ் எழுத்தில்: வெட்டாதீங்க. அதற்கு எதிரே கையெழுத்துப் போட்டு, ஊர் என்ற இடத்தில் திருப்பூர் என்று எழுதினேன். இதைச் சொல்வதில் எனக்கு எந்தத் தன்னடக்கமும் இல்லை. ஒவ்வொரு எழுத்தையும் ரசித்து ரசித்து எழுதினேன்.

மதியச் சாப்பாட்டில் எம்ரே எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். "அனுபவம் பற்றிக் கூட்டத்தில் கேட்டது நான்தான்" என்றார். இந்த நாளுக்காகப் பல பதில்கள் தயாரித்து வைத்திருந்தேன். ரொட்டிக் கூடையை அவர் பக்கம் தள்ளிவிட்டேன், அவர் எடுத்துக்கொண்டார்.

தெரசா சாப்பிட வரவில்லை. காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் தனியாக நின்றிருந்தார், கண் சிவந்திருந்தது. நான் போய் என் கதையைச் சொன்னேன். குறுகிய பட்டி, கடல் தாண்டித் திரும்பிய பெட்டிகள், மேசைக்கு அடியில் அழுதது, எல்லாம். கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த மேசைக்கு அடியில் இன்னொருவருக்கு இடம் இருக்குமா?" என்றார். ராணியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அப்போது சிரித்தார்.

நான்காம் நாள் ஊர் திரும்பல். மனோஜ் கடையில் ரசம் சாப்பிட்டுவிட்டு, சரியான ரயிலில்தான் ஏறுகிறேனா என்று மூன்று பேரிடம் கேட்டு ஏறினேன். விமான நிலையத்தில் அதே சுங்க அதிகாரி. நெய்ப் பாட்டில் பையோடு வந்தது. படிவத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, பையின் கடைசி எண்ணில் விரலை வைத்து அவரே வாசிக்க ஆரம்பித்தார். அந்த மனுஷருக்கு அதில் பாதி நெய்யைக் கொடுத்துவிடலாமா என்று தோன்றியது. சட்டம் விடாது.

ஊருக்கு வந்து சில வாரம் கழித்து அடுத்த தடவைக்கான செய்முறைத் தாள் மெயிலில் வந்தது. அச்சடித்து எடுத்துக்கொண்டு பழைய கம்பெனிக்குப் போனேன். டீ நேரம். செக்கிங் செக்‌ஷனை இப்போது ராணிதான் பார்த்துக்கொள்கிறாள். அந்த நெய்யில் செய்த மைசூர்பாகும் கொண்டுபோயிருந்தேன்.

"என்ன புள்ள இது, கோர்ட்டு நோட்டீசாட்டம்?" என்றாள்.

புதிதாகச் சேர்த்திருந்த படியைக் காட்டி, தமிழில் சொன்னேன். பையை வெட்டுவதற்கு முன், திரையைப் பார்க்காத ஒருவர் சீல் எண்ணைத் திருப்பூர் முறையில், அதாவது கடைசி இலக்கத்திலிருந்து, வாசிக்க வேண்டும்.

ராணி மைசூர்பாகைக் கீழே வைத்தாள். "இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன். "திருப்பூர்னே போட்டிருக்குதா?" என்றாள். எழுத்தைக் காட்டினேன். ஆங்கிலம் கூட்டித்தான் வாசிப்பாள். ஊர்ப் பெயர் வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"அன்னிக்கு நீ அந்தப் பைய வெட்டிப்போட்டு, இந்த மேசைக்குக் கீழதான உக்காந்து அழுதே?"

"ஆமா. நீயும்தான் உக்காந்தே."

அவள் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பாலித்தீன் பையை எடுத்தாள். தாளை மடித்து அதற்குள் போட்டாள். சீல் கட்டிலிருந்து ஒன்றை உருவிப் பையின் வாயில் குத்தினாள்.

"அப்ரூவ் ஆன சாம்பிளு. பீரோவுல வெக்கோணும்" என்றாள். "ஃபைல எடு. நான் வாசிக்கறேன், நீ பைய பாக்காத எழுது."

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். ராணி கடைசி எண்ணில் விரலை வைத்து வாசிக்க ஆரம்பித்தாள்.